கோரஸ் மட்டும் கேட்ட நாடு: புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனும் ‘பார்ன் இன் தி யு.எஸ்.ஏ.’ பாட்டும்

 

இன்னைக்கு ஒரு பாடகர், முக்கியமா அவரோட ஒரே ஒரு பாட்டு. ‘பார்ன் இன் தி யு.எஸ்.ஏ.’ புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் 1984-ல் வெளியிட்டது. ராக் இசை பக்கமே போகாதவங்க கூட இதோட கோரஸை எங்கேயாவது கேட்டிருப்பீங்க. டிரம்ஸ் சுவரை இடிக்கிற மாதிரி விழும், மேல ஒரு சின்தசைஸர், அதுக்கும் மேல தொண்டை கிழியக் கத்துற ஒரு குரல். அமெரிக்காவில் ஜூலை 4 வாணவேடிக்கையில் போடுவாங்க, தேர்தல் மேடையில் போடுவாங்க. ஆல்பம் அட்டையைப் பார்த்தாலும் பின்னணியில் கொடியின் சிவப்பு வெள்ளைக் கோடுகள், முன்னாடி ஜீன்ஸ் போட்ட ஒருத்தரோட முதுகுப்பக்கம். ஆனி லீபோவிட்ஸ் எடுத்த படம் அது.

சரி, இது தேசபக்திப் பாட்டுதானேன்னு தோணும். ஆனா பாட்டுக்குள்ள இருக்கிறவரோட கதை வேற. சின்ன ஊர்ப் பையன். ஒரு தகராறில் மாட்டுகிறான். கையில் துப்பாக்கியைக் கொடுத்து வியட்நாமுக்கு அனுப்புகிறார்கள். திரும்பி வந்து எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையில் வேலை கேட்டால் கையை விரிக்கிறார்கள். முன்னாள் படைவீரர்களுக்கான அரசு அலுவலகத்திலும் உதவி இல்லை. அவனுக்கு ஒரு சகோதரன் இருந்தான். கேசான் என்ற இடத்தில் நடந்த சண்டையில் போய்விட்டான். பத்து வருஷம் கழிச்சும் இவனுக்குப் போக ஓரிடம் இல்லை.

இப்படி ஒரு கதை எப்படி வெற்றிக் கோஷமா மாறுச்சு? அதைத்தான் இன்னைக்குப் பார்க்கப் போறோம்.

அதிபர் சொன்ன பெயர்

1984 ஜூன் 4 அன்று ஆல்பம் வெளியானது. அது அமெரிக்காவில் அதிபர் தேர்தல் வருஷம். ரொனால்ட் ரீகன் இரண்டாவது முறையாகப் போட்டியிடுகிறார். ஆகஸ்ட் கடைசியில் ஜார்ஜ் வில் என்ற பிரபலமான வலதுசாரிப் பத்தி எழுத்தாளர் ஸ்பிரிங்ஸ்டீன் கச்சேரி ஒன்றுக்குப் போனார். காதில் பஞ்சை அடைச்சிக்கிட்டுதான் போனார். திரும்பி வந்து, கச்சேரியில் கொடிகள் அசைவதையும் அந்தப் பாட்டு உற்சாகமா ஒலிப்பதையும் புகழ்ந்து செப்டம்பரில் எழுதினார்.

சில நாளில், செப்டம்பர் 19 அன்று, நியூஜெர்சி மாநிலத்தில் ஹாமண்டன் என்ற ஊரில் ரீகன் பேசுகிறார். நியூஜெர்சி ஸ்பிரிங்ஸ்டீனோட சொந்த மாநிலம். உங்க ஊர்க்காரர் ஸ்பிரிங்ஸ்டீன் பாட்டுகளில் இருக்கிற நம்பிக்கைச் செய்தியில்தான் அமெரிக்காவின் எதிர்காலம் இருக்குன்னு சொல்ற மாதிரி பேசினார். பாட்டின் பெயரை அவர் சொல்லவில்லை. ஆனா அந்த நேரத்தில் ஸ்பிரிங்ஸ்டீன்னு சொன்னாலே மக்கள் மனசில் வர்றது அந்தக் கோரஸ்தான்.

அதே வாரம் பிட்ஸ்பர்கில் ஸ்பிரிங்ஸ்டீன் கச்சேரி. எஃகு ஆலைகள் வரிசையா மூடிக்கிட்டு இருந்த நகரம் அது. அதிபர் என் பெயரைச் சொன்னாராமே, என்னோட எந்த ஆல்பம் அவருக்குப் பிடிக்கும்னு யோசிச்சேன், ‘நெப்ராஸ்கா’வா இருக்காதுன்னு நினைக்கிறேன் என்ற பொருளில் மேடையில் சொல்லிவிட்டு, அந்த ஆல்பத்திலிருந்து ‘ஜானி 99’ பாட்டைப் பாடினார். கார் தொழிற்சாலை மூடி வேலை போன ஒருத்தன், குடிச்சிட்டு ஒரு ஆளைச் சுட்டு, 99 வருஷம் சிறைக்குப் போற கதை அது. அந்த ஊர் எஃகுத் தொழிலாளர்களுக்கு உணவு கொடுத்துக்கிட்டிருந்த அமைப்புக்கும் பணம் கொடுத்தார்.

அவர் ஏன் கோபத்தைக் காட்டாம இப்படி நாசூக்கா பதில் சொன்னார்? அந்தப் பாட்டு எங்கேயிருந்து வந்ததுன்னு தெரிஞ்சா அது புரியும். அதுக்கு அவர் வளர்ந்த வீட்டுக்குப் போகணும்.

விளக்கை அணைத்த சமையலறை

ஸ்பிரிங்ஸ்டீன் பிறந்தது 1949 செப்டம்பர் 23. வளர்ந்தது ஃப்ரீஹோல்ட் என்ற சின்ன ஊர். அப்பா டக்ளஸ் ஸ்பிரிங்ஸ்டீன், இரண்டாம் உலகப்போரில் ராணுவத்தில் இருந்தவர். தொழிற்சாலை, பஸ் டிரைவர், சிறைக்காவலர்னு பல வேலை பார்த்தவர். எதிலும் நிலைக்கவில்லை. அம்மா அடீல், ஒரு வக்கீல் அலுவலகத்தில் செயலாளர். வீட்டை நிலையா தாங்கியது அவர் சம்பளம்தான். மகனுக்குக் கிடார் வேணும்னு கடன் வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான். ‘தி விஷ்’ என்ற பாட்டு முழுக்க அந்தக் கிடாரைப் பற்றியும் அம்மாவைப் பற்றியும்தான்.

அப்பாவைப் பற்றி அவர் மேடையில் திரும்பத் திரும்பச் சொன்ன காட்சி ஒன்று உண்டு. ராத்திரி, சமையலறையில் விளக்கை அணைச்சிட்டு, பீரும் சிகரெட்டுமா அப்பா உட்கார்ந்திருப்பார். வெளியே போயிட்டு வர்ற பையன் அந்த இருட்டைத் தாண்டித்தான் உள்ளே போகணும். அப்பாவுக்கு இருந்தது மனநோய் என்பது குடும்பத்துக்குத் தெளிவா தெரிஞ்சது பல வருஷம் கழிச்சுத்தான். தனக்கும் மனச்சோர்வு உண்டு, பல வருஷம் சிகிச்சை எடுத்தேன்னு ஸ்பிரிங்ஸ்டீன் 2016-ல் வந்த தன் வரலாற்று நூலில் வெளிப்படையா எழுதினார்.

பையன் நீளமா முடி வளர்த்தான், கிடார் தட்டினான். அப்பாவுக்கு இரண்டுமே பிடிக்கலை. ராணுவத்துக்குப் போ, அங்கே உன் முடியையும் வெட்டுவாங்க, உன்னை மனுஷனாவும் ஆக்குவாங்கன்னு திட்டுவாராம். அது வெறும் திட்டு மட்டும் இல்லை. 1960-களின் பின்பகுதி அது. கட்டாய ராணுவ சேவை இருந்த காலம். 18 வயசானா கடிதம் வரலாம். வந்தா வியட்நாம்.

போனவர்களும் போகாதவரும்

பள்ளி நாட்களில் ஸ்பிரிங்ஸ்டீன் இருந்த இசைக்குழுவின் பெயர் ‘தி காஸ்டைல்ஸ்’. அதில் டிரம்ஸ் வாசித்த பார்ட் ஹெய்ன்ஸ் ராணுவத்தில் சேர்ந்து, 1967-ல் வியட்நாமில் இறந்தார். அந்த வட்டாரத்தில் இன்னொரு குழு, ‘தி மோட்டிஃப்ஸ்’. அதன் பாடகர் வால்டர் சிகோன். மேடையில் எப்படி நிக்கணும்னு ஸ்பிரிங்ஸ்டீன் அவரைப் பார்த்துத்தான் கத்துக்கிட்டார். 1968-ல் வியட்நாமில் அவர் காணாமல் போனார், திரும்பவே இல்லை. 2014-ல் வெளியான ‘தி வால்’ அவர் நினைவில் எழுதின பாட்டு.

19 வயதில் ஸ்பிரிங்ஸ்டீனுக்கும் அழைப்பு வந்தது. மருத்துவப் பரிசோதனைக்குப் போனார். அதற்கு முன்னாடி ஒரு மோட்டார் சைக்கிள் விபத்தில் தலையில் அடிபட்டிருந்தது. படிவங்களையும் வேணும்னே தாறுமாறா நிரப்பினார். தகுதி இல்லைன்னு திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

வீட்டில் சொல்லாமலே போயிருந்தார். திரும்பி வந்ததும் சமையலறையில் அப்பா கேட்கிறார், எங்கே போயிருந்தேன்னு. ராணுவப் பரிசோதனைக்குன்னு பதில். என்னாச்சுன்னு கேட்கிறார். என்னை எடுத்துக்கலைன்னு பையன் சொல்றான். வருஷக்கணக்கா ராணுவத்துக்குப் போ போன்னு கத்தின அப்பா, நல்லதுன்னு ஒரே வார்த்தையில் முடிச்சுட்டார்.

இந்தக் கதையை அவர் சொல்றதை நீங்களே கேட்கலாம். ‘லைவ் 1975–85’ என்ற ஆல்பத்தில் ‘தி ரிவர்’ பாட்டுக்கு முன்னாடி சில நிமிஷம் பேசுவார். கடைசி வார்த்தை வந்ததும் அரங்கமே சத்தம் போடும், உடனே ஹார்மோனிகா ஆரம்பிக்கும். ‘தி ரிவர்’ பாட்டும் வீட்டுக் கதைதான். சின்ன வயசிலேயே கல்யாணம், குழந்தை, கட்டுமானத் தொழிலில் வேலை இல்லாத நிலைமை. தங்கையும் தங்கை கணவரும் பட்ட பாடு. 1979-ல் நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் அவர் அதை முதன்முதலா பாடினப்போ தங்கை கூட்டத்தில் இருந்தார். தன் வாழ்க்கையை எல்லார் முன்னாடியும் விரிச்சு வச்ச மாதிரி இருந்தது, முதல்ல பிடிக்கலை, பின்னாடி அதுவே ரொம்பப் பிடிச்ச பாட்டாயிடுச்சுன்னு பிற்பாடு சொல்லியிருக்கார்.

இப்ப அந்தப் பரிசோதனைக்குத் திரும்புவோம். தப்பிச்சது நிம்மதி. ஆனா அவர் போகலைன்னா அந்த இடத்துக்கு வேற ஒருத்தர் போயிருப்பார் இல்லையா? யார் அவர்? பல வருஷம் கழிச்சு பிராட்வே மேடையில் நின்னுக்கிட்டும் ஸ்பிரிங்ஸ்டீன் அந்தக் கேள்வியைக் கேட்டார். என் பார்வையில் இந்தப் பாட்டு இந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்குது.

நீச்சல்குளத்தோரம் ஒரு சந்திப்பு

1970-களின் கடைசி. காரில் நாட்டைக் குறுக்காகக் கடந்து போகும்போது, அரிசோனாவில் ஒரு கடையில் ஒரு புத்தகம் வாங்குகிறார். ரான் கோவிக் எழுதிய ‘பார்ன் ஆன் தி ஃபோர்த் ஆஃப் ஜூலை’. விரும்பிப் போரில் சேர்ந்து, மார்புக்குக் கீழே செயலிழந்து திரும்பி வந்து, போருக்கு எதிராகப் போராடியவரின் சொந்தக் கதை. பின்னாடி டாம் குரூஸ் நடிச்சு படமாகவும் வந்தது.

லாஸ் ஏஞ்சலஸ் போய் விடுதியில் தங்கினால், நீச்சல்குளத்தோரம் சக்கர நாற்காலியில் ஒருத்தர் வந்து பேசுகிறார். நான்தான் ரான் கோவிக்! புத்தகத்தைப் படிச்சு முடிச்ச கொஞ்ச நாளில் எழுதினவரே எதிரில். கோவிக் அவரை முன்னாள் படைவீரர்கள் மையம் ஒன்றுக்கு அழைத்துப் போனார். அங்கே அவர்கள் பேசப் பேச, என்ன சொல்றதுன்னே ஸ்பிரிங்ஸ்டீனுக்குத் தெரியலை.

இங்கே ஒரு பின்னணி. வியட்நாமில் 58,000-க்கும் மேற்பட்ட அமெரிக்கர்கள் இறந்தார்கள். வியட்நாமியர்களின் இழப்பு அதைவிடப் பல மடங்கு. 1975 ஏப்ரலில் சைகோன் விழுந்தது. திரும்பி வந்தவர்களுக்கு வேலை இல்லை, காயம், கெட்ட கனவுகள், ஏஜென்ட் ஆரஞ்ச் ரசாயனத்தால் வந்த நோய்கள். தோத்த போரைப் பத்திப் பேச நாட்டுக்கே விருப்பம் இல்லை.

1981 ஆகஸ்ட் 20 அன்று லாஸ் ஏஞ்சலஸில் ஸ்பிரிங்ஸ்டீன் ஒரு நிதி திரட்டும் கச்சேரி நடத்தினார். பணம் ‘வியட்நாம் வெட்டரன்ஸ் ஆஃப் அமெரிக்கா’ என்ற அமைப்புக்கு. அதன் தலைவர் பாபி முல்லரும் போரில் சுடப்பட்டு சக்கர நாற்காலிக்கு வந்தவர். மேடையோரத்தில் முன்னாள் வீரர்களுக்கு இடம் ஒதுக்கியிருந்தார்கள். அப்போ அந்த அமைப்பு பணம் இல்லாமல் மூடும் நிலையில் இருந்தது. அந்த உதவிதான் அதை நிற்க வைத்தது.

படுக்கையறை கேசட்

அந்தப் பயணம் முடிஞ்சு ஸ்பிரிங்ஸ்டீன் நியூஜெர்சி கோல்ட்ஸ் நெக்கில் ஒரு வாடகை வீட்டில் தனியா இருக்கார். ‘வியட்நாம்’ என்ற தலைப்பில் ஒரு பாட்டு எழுதிக்கிட்டு இருந்தார். மேசை மேல் ஒரு திரைக்கதை கிடந்தது. ‘டாக்ஸி டிரைவர்’ படத்தை எழுதிய பால் ஷ்ரேடர் அனுப்பியது. அட்டையில் இருந்த தலைப்பு: ‘பார்ன் இன் தி யு.எஸ்.ஏ.’ தலைப்பை அப்படியே எடுத்துக்கிட்டார். பதிலுக்கு, ஷ்ரேடர் அந்தப் படத்தை 1987-ல் எடுத்தப்போ ‘லைட் ஆஃப் டே’ என்ற பாட்டை எழுதிக் கொடுத்தார். படத்தோட பெயரும் அதுவே ஆயிடுச்சு.

1982 ஜனவரி. படுக்கையறையில் டியாக் நிறுவனத்தின் நாலு டிராக் கேசட் ரெக்கார்டர். சாதாரண கேசட்டிலேயே நாலு தடத்தைத் தனித்தனியா பதிவு செய்யலாம். பெரும்பாலும் கிடார், ஹார்மோனிகா, குரல்தான். பிறகு குழுவோடு வாசிக்கலாம்னு மாதிரிக்குப் பதிவு செய்தது. அந்தக் கேசட்டை உறை கூட இல்லாம ஜீன்ஸ் பாக்கெட்டில் வச்சுக்கிட்டுத் திரிஞ்சார். குழுவோடு வாசிச்சுப் பார்த்தப்போ பெரும்பாலான பாட்டுகள் சரியா வரலை. கேசட்டையே ஆல்பமா வெளியிட்டாங்க. அதுதான் ‘நெப்ராஸ்கா’, 1982 செப்டம்பர். அந்த நாட்களில் அவர் மனசு இருந்த நிலைமையைத்தான் 2025-ல் ஜெரமி ஆலன் வைட் நடிச்ச ‘டெலிவர் மீ ஃப்ரம் நோவேர்’ படம் சொல்லுது. ‘தி பேர்’ தொடர் பார்த்தவங்களுக்கு ஆளைத் தெரியும்.

அந்தக் கேசட்டில் ‘பார்ன் இன் தி யு.எஸ்.ஏ.’வும் இருந்தது. தனிக் கிடார், அடங்கின குரல், ஒரு பேயோட்டம் மாதிரி. கொடி அசைக்கத் தோணவே தோணாது. ‘நெப்ராஸ்கா’வில் அது சேரலை. 1998-ல் ‘டிராக்ஸ்’ தொகுப்பில்தான் வெளியே வந்தது.

ஒரே ராகம், இரண்டு காது

அதே 1982-ல் நியூயார்க்கின் பவர் ஸ்டேஷன் ஸ்டூடியோவில் ஈ ஸ்ட்ரீட் பேண்டோடு இந்தப் பாட்டை எடுத்தாங்க. ராய் பிட்டன் சின்தசைஸரில் ஒரு குட்டி மெட்டு வாசிச்சார். மேக்ஸ் வைன்பர்க் ஸ்னேர் டிரம்மை அடிச்சார். சில டேக்கிலேயே முடிஞ்சது. நடுவில் டிரம்ஸ் வெடிச்சுச் சிதறும் பகுதி, முன்கூட்டி எழுதி வைக்காதது.

இப்ப கவனிங்க. இந்தப் பாட்டில் சரணத்துக்கு ஒரு மெட்டு, கோரஸுக்கு ஒரு மெட்டுன்னு கிடையாது. முதலிலிருந்து கடைசி வரை இரண்டே கார்டு, அதே சின்தசைஸர் மெட்டு சுத்திச் சுத்தி வரும். கேட்கிறவங்களுக்கு இது ஒரு ஊர்வல முழக்கம் மாதிரி. சரணத்தில் வார்த்தைகள் வேகமா, கத்தலா வரும், சட்டுன்னு பிடிபடாது. கோரஸில் தலைப்பு மட்டும் திரும்பத் திரும்ப வரும். 50,000 பேர் இருக்கிற மைதானத்தில் எது காதில் விழும்? கோரஸ்தான்.

இதனால்தான் ஒரே பாட்டு இரண்டு பாட்டா ஆச்சு. சரணத்தைக் கேட்டவங்களுக்கு அது கைவிடப்பட்டவன் குமுறல். கோரஸை மட்டும் கேட்டவங்களுக்கு வெற்றி முழக்கம். அந்த ஆல்பம் உலகம் முழுக்க சுமார் 3 கோடி பிரதி வித்தது, ஏழு பாட்டு அமெரிக்க டாப் 10-க்குள் வந்தது. இரண்டாவது வகை காதுகள் இல்லாமல் அந்த எண்ணிக்கை வந்திருக்காது.

அப்போ இசையைத் தப்பா தேர்ந்தெடுத்துட்டாரா? மெதுவா பாடியிருந்தா எல்லாருக்கும் சுலபமா புரிஞ்சிருக்கும்தான், ஆனா இவ்வளவு நிறைவான பதிவா இருந்திருக்காது என்பது அவர் கருத்து. எனக்கு அதில் நியாயம் தெரியுது. அந்தக் கோரஸ் பொய்யான பெருமை இல்லை. அந்த மனுஷன் கிட்ட மிச்சம் இருக்கிற ஒரே பிடிமானம் அது. நானும் இங்கே பிறந்தவன்தானே, எனக்குப் பதில் சொல்லுங்கன்னு ஒருத்தன் உரிமையோடு கத்தினா அது மெதுவாவா வரும்? நாட்டை வேண்டாம்னு சொல்றவனுக்கு இவ்வளவு கத்த வேண்டிய தேவையே இல்லை. அந்தச் சத்தமும் உண்மை, அந்தக் கதையும் உண்மை. ஒண்ணை எடுத்துட்டு இன்னொண்ணை விட்டாத்தான் பாட்டு பொய்யாகும்.

பிட்ஸ்பர்கில் அவர் ஏன் அப்படிப் பதில் சொன்னார்னு இப்ப புரியுது இல்லையா? வேலை இல்லாத ஒருத்தனோட கதையை அந்த ஊரிலேயே இன்னொரு முறை பாடினார். முழுசா கேளுங்கன்னு சொல்றதுக்கு ஒரு பாடகருக்கு அதைவிட நல்ல வழி கிடையாது. கிரைஸ்லர் கார் நிறுவனம் விளம்பரத்துக்கு இந்தப் பாட்டைப் பெரிய தொகைக்குக் கேட்டப்போவும் மறுத்துட்டார்.

பாட்டைத் திருப்பி எடுத்துக்கிட்ட விதம்

1995-ல் தொடங்கிய தனிப் பயணத்தில் இதே பாட்டைக் கிடாரில் ஸ்லைடு வச்சு, தனியா, கிட்டத்தட்ட அடையாளமே தெரியாத மாதிரி வாசிச்சார். கூட்டத்துக்கு சேர்ந்து பாட வழியே இல்லை, கேட்கத்தான் முடியும். 2017-ல் தொடங்கிய ‘ஸ்பிரிங்ஸ்டீன் ஆன் பிராட்வே’ நிகழ்ச்சியிலும் அப்படித்தான். பார்ட் ஹெய்ன்ஸ், வால்டர் சிகோன் கதையைச் சொல்லிட்டு, அதுக்கப்புறம்தான் பாட்டு. இந்த முறை யாரும் தப்பா புரிஞ்சிக்க முடியாது. ஆனா பெரிய மைதானத்தில், குழுவோடு வாசிச்சா பழைய இடி முழக்கமேதான். இரண்டையும் வச்சுக்கிட்டார்.

அப்பா கதைக்கும் ஒரு முடிவு இருக்கு. 1990-ல் ஸ்பிரிங்ஸ்டீனுக்கு முதல் குழந்தை பிறக்கப் போற நேரம். அப்பா சொல்லாமல் கொள்ளாமல் நூற்றுக்கணக்கான மைல் கார் ஓட்டிக்கிட்டு மகன் வீட்டுக்கு வந்தார். நீ எங்களை நல்லா பார்த்துக்கிட்டே, நான் உன்னை நல்லா பார்த்துக்கலைன்னு சொன்னார். அவ்வளவுதான் பேச்சு. 1998-ல் டக்ளஸ் இறந்தார்.

இந்த வாரத்துக்கு ஒரு சின்ன வேலை. முதல்ல ‘டிராக்ஸ்’ தொகுப்பில் இருக்கிற படுக்கையறைப் பதிவைக் கேளுங்க. அடுத்து 1984 ஆல்பம் பதிவு. மூணாவதா, ‘ஷட் அவுட் தி லைட்’. ‘பார்ன் இன் தி யு.எஸ்.ஏ.’ தனிப்பாட்டா ரெக்கார்டில் வந்தப்போ அதன் மறுபக்கத்தில் இருந்தது இந்தப் பாட்டு. வியட்நாமிலிருந்து வீடு திரும்பி, இருட்டுக்குப் பயந்து தூங்க முடியாத ஒருத்தரைப் பத்தினது. ரெக்கார்டைத் திருப்பிப் போட்டவங்களுக்கு 1984-லேயே விஷயம் தெரிஞ்சிருக்கும்.

இந்த எபிசோடு இதோட முடியுது. நீங்க ரொம்ப நாள் கோரஸ் மட்டும் பாடிட்டு, பின்னாடி சரணத்தைக் கேட்டு அதிர்ச்சி ஆன பாட்டு ஏதாவது இருந்தா எழுதி அனுப்புங்க. அடுத்த வாரம் சந்திப்போம்.